பினாங்கிலிருந்து தமிழ்நாட்டுக்கு மாதாமாதம் பணம் அனுப்ப எது மலிவு?

பிறை_வாசி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். பிறையில் தொழிற்சாலை வேலை, இந்தியக் கடப்பிதழ், பெர்மிட் இருக்கிறது. தஞ்சாவூர் பக்கம் இருக்கும் அம்மாவுக்கு மாதம் 600 வெள்ளி (ரிங்கிட்) அனுப்ப வேண்டும். பண்டிகை மாதங்களில் 2,000 வரை போகும். ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரு கடையில் சார்ஜே இல்லை என்கிறார்கள். கைப்பேசிச் செயலி ஒன்று 12 வெள்ளி கட்டணம் காட்டுகிறது, ஆனால் ரேட் கூடுதல். வங்கியில் டிடி (டெலிகிராபிக் டிரான்ஸ்ஃபர், வங்கிக்கு வங்கி நேராக அனுப்புவது) போடு என்று ஒருவர் சொல்கிறார். ஹாஸ்டலில் இன்னொருவர், "என்னிடம் கொடு, அரை மணியில் ஊரில் ஏறிவிடும்" என்கிறார், அவர் சொல்லும் ரேட்தான் எல்லாவற்றிலும் அதிகம். எதில் போகலாம்? அம்மாவிடம் இருப்பது ஜன்தன் (இந்திய அரசுத் திட்டத்தில் திறக்கும் எளிய சேமிப்பு) கணக்கு. என் பெயரிலும் ஊரில் பழைய சேமிப்புக் கணக்கு ஒன்று உண்டு, அதில் கொஞ்சம் போட்டு வைக்கலாமா?

கணக்குப்பிள்ளை (செந்தூல்) பதில்:

தம்பி, கட்டணத்தைத் தனியாகவும் பார்க்காதீர்கள், ரேட்டைத் தனியாகவும் பார்க்காதீர்கள். கவுண்டரானாலும் செயலியானாலும் ஒரே கேள்விதான்: "கட்டணம் உட்பட மொத்தம் 600 வெள்ளி என் கையைவிட்டுப் போனால், அங்கே எத்தனை ரூபாய் விழும்?" எல்லா இடத்திலும் இதைப் பத்து நிமிட இடைவெளிக்குள் கேளுங்கள். காலை ரேட்டையும் மாலை ரேட்டையும் ஒப்பிட்டால் கணக்கு தப்பும்.

கூகுளில் காட்டும் நடு ரேட் (வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் உள்ளது) 20.00 என்று வைத்துக்கொள்வோம் (கணக்குப் புரிவதற்காக மட்டும், இன்றைய ரேட் இல்லை). கடைக்காரர் சார்ஜ் இல்லாமல் 19.55 தருகிறார். செயலி 12 வெள்ளி எடுத்துக்கொண்டு 19.90 தருகிறது.

600 வெள்ளிக்குக் கடையில் 11,730 ரூபாய். செயலியில் 588 வெள்ளிதான் மாறும், 11,701 ரூபாய். ஆக இந்தத் தொகைக்குக் கடைதான் லாபம், 29 ரூபாய். அதே 2,000 வெள்ளிக்குக் கடையில் 39,100, செயலியில் 39,561. இப்போது செயலி 461 ரூபாய் கூட. இரண்டும் சமமாகும் இடம் ஏறக்குறைய 682 வெள்ளி. அதற்குக் கீழே கடை, மேலே செயலி.

"சார்ஜ் இல்லை" என்பதற்கும் விலை உண்டு. நடு ரேட்டில் 600 வெள்ளிக்கு 12,000 வர வேண்டும், வந்தது 11,730. விட்டுப்போன 270 ரூபாய், அதாவது 13.50 வெள்ளி, ரேட்டுக்குள் இருக்கிறது. ரசீதில் அது எங்கேயும் தெரியாது.

அம்மாவுக்கு மாதச் செலவு நெருக்கடி இல்லையென்றால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 1,200 ஆக அனுப்பலாம். மேலே சொன்ன எண்களில் கடையைவிட 181 ரூபாய் கூட வரும். ஆனால் சில நிறுவனங்கள் நிலையான கட்டணம் இல்லாமல் தொகைக்கேற்ப விழுக்காடு எடுக்கும். அங்கே சேர்த்து அனுப்பி மிச்சம் ஒன்றும் கிடையாது.

வைஸ், இன்ஸ்டாரெம், மணிமேட்ச், மெர்ச்சன்ட்ரேட், பிக்பே என்று நாலைந்தில் அதே நிமிடத்தில் தொகையைப் போட்டுப் பாருங்கள். முதல் தடவை காட்டும் சலுகை ரேட்டை வைத்து முடிவு செய்ய வேண்டாம். இரண்டாவது தடவை எவ்வளவு தருகிறார்கள் என்பதுதான் உங்களுக்கு மாதாமாதம் பொருந்தும். சனி, ஞாயிறில் நாணயச் சந்தை மூடியிருக்கும். திங்கள் காலை ரேட் எங்கே திறக்கும் என்று தெரியாததால் பலர் பாதுகாப்புக்காக ரேட்டைக் கொஞ்சம் இறக்கி வைப்பார்கள். அவசரம் இல்லையென்றால் வேலை நாளில் அனுப்புங்கள்.

இன்னொன்று, செயலிக்குப் பணம் உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்கிலிருந்தே போக வேண்டும். நண்பர் கணக்கிலிருந்து எஃப்பிஎக்ஸில் (மலேசிய இணைய வங்கிக் கட்டண வழி) கட்டினால் பெயர் ஒத்துப்போகாமல் திருப்பிவிடுவார்கள், நாலைந்து நாள் வீணாகும். பெர்மிட் காலாவதியாகும் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். புதுப்பித்த பக்கத்தை ஏற்றாமல் விட்டால், அனுப்ப வேண்டிய நாளில் கணக்கு முடங்கி நிற்கும்.

காவிரிக்கரை பதில்:

ரேட்டைவிட எனக்குக் கவலை அந்த ஜன்தன் கணக்குதான். ஜன்தனில் இரண்டு வகை உண்டு. ஆதார் முதலான ஆவணங்கள் கொடுத்து முழு கேஒய்சி (வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு) முடித்திருந்தால் பிரச்சினை இல்லை. ஆவணம் இல்லாமல் திறந்த "ஸ்மால் அக்கவுண்ட்" என்றால் ஓர் ஆண்டில் வரவு 1 லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது, இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. அதைவிட முக்கியம், அடையாளம் முழுதாக உறுதிப்படும்வரை வெளிநாட்டுப் பணத்தை அதில் வரவு வைக்கவே விதி இடம் தராது. மாதம் 12,000 ரூபாய் அனுப்பினால் ஒன்பதாவது மாதமே வரவு வரம்பும் தாண்டிவிடும்.

அம்மாவைக் கிளைக்குப் போய், "என் கணக்கு ஸ்மால் அக்கவுண்டா, ஃபுல் கேஒய்சி ஆனதா" என்று இந்த வார்த்தைகளிலேயே கேட்கச் சொல்லுங்கள். ஆதார், பான், இரண்டு புகைப்படம் கையில் இருக்கட்டும். பான் இல்லாவிட்டால் அதற்கான உறுதிமொழிப் படிவத்தை அங்கேயே தருவார்கள். கணக்கில் இரண்டு ஆண்டாகப் போடுதல் எடுத்தல் எதுவும் இல்லையென்றால் அது செயலற்ற கணக்காகியிருக்கும். அதை உயிர்ப்பிக்கவும் அன்றைக்கே கேட்டுவிடலாம்.

அடுத்தது ஐஎஃப்எஸ்சி, அதாவது இந்திய வங்கிக் கிளையின் குறியீடு. மொத்தம் 11 இடம்: முதல் நான்கும் எழுத்து, ஐந்தாவது எப்போதும் சுழியம், மிச்சம் ஆறு கிளைக்குரியவை. அந்த ஐந்தாவது இடத்தில் சுழியத்துக்குப் பதில் ஆங்கில 'ஓ' தட்டுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. வாட்ஸ்அப்பில் வந்த பாஸ்புக் படத்தில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். பழைய பாஸ்புக்காக இருந்தால் வங்கி இணைப்பையும் பாருங்கள். சிண்டிகேட் இப்போது கனரா, ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன், அலகாபாத் இந்தியன் வங்கி, லட்சுமி விலாஸ் டிபிஎஸ். இவற்றின் பழைய குறியீடுகள் செல்லாது.

கணக்கு எண்ணை இருமுறை சரிபாருங்கள். நெஃப்ட்டில் (இந்திய வங்கிகளுக்கு இடையே பணம் மாற்றும் முறை) வரவு வைப்பது கணக்கு எண்ணை வைத்துத்தான், பெயரை வைத்து அல்ல. ஓர் எண் மாறி அது வேறொருவரின் கணக்காக இருந்துவிட்டால், அவர் சம்மதித்தால்தான் திரும்ப வாங்க முடியும். அதனால் முதல் தடவை அந்த நிறுவனம் அனுமதிக்கும் மிகக் குறைந்த தொகையை அனுப்பி, அம்மா பாஸ்புக்கில் வரி விழுந்த பிறகு மிச்சத்தை அனுப்புங்கள்.

உங்கள் பழைய சேமிப்புக் கணக்கு: வெளிநாட்டில் வேலைக்கு வந்த பிறகு அதைச் சாதாரண கணக்காகவே வைத்திருக்கக் கூடாது. வங்கியில் சொல்லி என்ஆர்ஓ (வெளிநாடு வாழ் இந்தியரின் உள்நாட்டு வரவுகளுக்கான கணக்கு) ஆக மாற்ற வேண்டும். இங்கிருந்து அனுப்பிச் சேமிக்க என்ஆர்இ (வெளிநாட்டு வருமானத்துக்கான) கணக்கு தனியாகத் திறந்துகொள்ளுங்கள். அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி கிடையாது, பணத்தைத் தடையில்லாமல் திரும்ப வெளியே கொண்டுவரவும் முடியும்.

லெபோ_பாசார் பதில்:

ஹாஸ்டல் ஆள் செய்வது உண்டியல், அதாவது உரிமமில்லாத பணமாற்று. ரேட் அதிகமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. உங்கள் வெள்ளி இந்தியாவுக்குப் போவதே இல்லை. இங்கே அவர் வாங்கிக்கொள்கிறார், அங்கே வேறு யாரோ ரூபாயைப் போடுகிறார்கள். அந்த ரூபாய் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியாது. இணைய மோசடியில் பறித்த பணமாக இருந்தால், புகார் போகிற வழியெல்லாம் சைபர் கிரைம் போலீஸ் கணக்குகளை முடக்கும், அதில் உங்கள் அம்மா கணக்கும் ஒன்று. அவர் தஞ்சாவூரில் உட்கார்ந்துகொண்டு வேறு மாநிலக் காவல் நிலையத்துக்குப் பதில் எழுத வேண்டி வரும். பத்து முப்பது காசு ரேட்டுக்காக அந்த அம்மாவை இதில் இழுக்காதீர்கள்.

இங்கேயும் சட்டம் கடுமைதான். 2011ஆம் ஆண்டின் பணச் சேவைத் தொழில் சட்டப்படி பேங்க் நெகாரா (மலேசிய மத்திய வங்கி) உரிமம் இல்லாமல் பணம் அனுப்பும் தொழில் நடத்துவது குற்றம். கடைக்குள் நுழைந்ததும் உரிமச் சான்று தெரிகிறதா என்று பாருங்கள், பேங்க் நெகாரா இணையதளப் பட்டியலில் அதே பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். நாணயம் மாற்ற மட்டும் உரிமம் உள்ள கடையும் உண்டு, அது வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப முடியாது. பட்டியலில் எந்த வகை உரிமம் என்றும் போட்டிருக்கும். சந்தேகம் என்றால் பேங்க் நெகாராவின் 1-300-88-5465 எண்ணில் கேளுங்கள். ஏற்கெனவே பணம் கொடுத்து ஏமாந்திருந்தால் உடனே 997 (தேசிய மோசடி உதவி மையம்), பிறகு உங்கள் வங்கி.

ரசீது இல்லாமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள். அதில் கொடுத்த வெள்ளி, ரேட், கட்டணம், போய்ச்சேரும் ரூபாய், குறிப்பு எண் எல்லாம் இருக்க வேண்டும்.

மல்லிகை_ஈப்போ_ரோடு கேட்டது:

இதே இழையில் கேட்டுவிடுகிறேன். நான் மலேசியக் குடியுரிமை. ஐசியில் (அடையாள அட்டை) பெயர் "ஏ/பி" (இன்னாரின் மகள்) போட்டு அப்பா பெயருடன் இருக்கிறது. செயலி முதல் பெயர், கடைசிப் பெயர் என்று பிரித்துக் கேட்கிறது. மதுரையில் அத்தை மகள் கல்யாணத்துக்கு 6,000 வெள்ளி அனுப்ப வேண்டும். வரி வருமா?

கணக்குப்பிள்ளை (செந்தூல்) பதில்:

அக்கா, பதிவு செய்யும்போது ஐசியில் உள்ளபடியே போடுங்கள். சாய்கோட்டைப் படிவம் ஏற்காவிட்டால் கோட்டை மட்டும் விட்டுவிடுங்கள், எழுத்துகளை விடாதீர்கள். உங்கள் பெயர் முதல் பெயரில், மிச்சம் கடைசிப் பெயரில். பெறுபவர் பெயரை அவர் பாஸ்புக்கில் உள்ளபடி போடுங்கள். இனிஷியல் மட்டும் இருந்தால் அதை நீங்களாக விரிக்க வேண்டாம்.

வரி விஷயம் கவனம். இந்தியாவில் பெற்றோர், பிள்ளைகள், கணவன் மனைவி, உடன்பிறந்தவர்கள், அத்தை, மாமா, சித்தி போன்றவர்கள் தரும் அன்பளிப்புக்கு வரம்பில்லை, வரியில்லை. அத்தை அந்தப் பட்டியலில் உண்டு, அத்தை மகள் இல்லை. பட்டியலில் இல்லாதவர்கள் தருவது ஓர் ஆண்டில் 50,000 ரூபாயைத் தாண்டினால் மொத்தமும் பெறுபவரின் வருமானம். ஆனால் மணப்பெண்ணுக்குத் திருமணத்தின்போது கிடைக்கும் அன்பளிப்புக்கு இந்த வரி இல்லை. அந்தச் சலுகை பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும்தான். எனவே பெண்ணின் கணக்குக்கே அனுப்புங்கள், கல்யாணத் தேதியை ஒட்டி அனுப்புங்கள், பத்திரிகையை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். நோக்கம் என்ற இடத்தில் "அன்பளிப்பு" தேர்ந்தெடுங்கள். குடும்பச் செலவு என்பது பிறை தம்பிக்குப் பொருந்தும், உங்களுக்கு அல்ல.

டிசிஎஸ் (பணம் அனுப்பும்போதே பிடிக்கும் இந்திய வரி) வெட்டுவார்கள் என்று யாராவது பயமுறுத்தினால், அது இந்தியாவிலிருந்து வெளியே போகும் பணத்துக்கு. உள்ளே வருவதற்கு இல்லை.

காவிரிக்கரை பதில்:

டிடி பற்றி யாரும் சொல்லவில்லை. 600 வெள்ளிக்கு வேண்டாம். உங்கள் வங்கியின் கமிஷன், கேபிள் (தகவல் அனுப்பும்) கட்டணம், நடுவில் நிற்கும் வங்கியின் வெட்டு, கடைசியில் ஊர் வங்கி ரூபாயாக மாற்றும்போது ஜிஎஸ்டி. 1 லட்சம் ரூபாய் வரை அந்த ஜிஎஸ்டி குறைந்தது 45, அதிகம் 180 ரூபாய். நிலம், வீடு மாதிரி பெரிய தொகைக்கு, அதுவும் வங்கியின் வெளிநாட்டு வரவுச் சான்று தேவைப்படும்போதுதான் டிடி. அப்போதும் எல்லாக் கட்டணமும் அனுப்புபவருக்கே என்ற ஓயுஆர் வகையைக் கேளுங்கள். எஸ்எச்ஏ (கட்டணத்தை இரு பக்கமும் பகிர்வது) என்று விட்டால் வழியில் எவ்வளவு குறையும் என்று முன்கூட்டித் தெரியாது.

அம்மா ரொக்கமாகவே வாங்க வேண்டும் என்றால் வெஸ்டர்ன் யூனியன் மாதிரியான வழிகளுக்கு ரிசர்வ் வங்கி வரம்பு உண்டு: ஒரு தடவை 2,500 டாலருக்கு மேல் கூடாது, ஒருவருக்கு ஆண்டில் 30 தடவை, கையில் ரொக்கம் 50,000 ரூபாய் வரைதான். மேலே உள்ளது கணக்கில் ஏறும்.

பிறை_வாசி:

ரொம்ப நன்றி அண்ணே, அக்கா. அம்மாவை நாளை கிளைக்குப் போகச் சொல்லிவிட்டேன். ஒன்று மட்டும்: "அனுப்பியாச்சு" என்று செயலி காட்டி, அங்கே ஏறவில்லையென்றால் யாரைப் பிடிப்பது?

காவிரிக்கரை பதில்:

முதலில் இந்தியப் பக்கத்துக் குறிப்பு எண்ணை நிறுவனத்திடம் கேளுங்கள். செயலி தரும் எண் ஊர் வங்கிக்குப் புரியாது. ஐஎம்பிஎஸ் (உடனடியாகக் கணக்கில் ஏறும் முறை) என்றால் 12 இலக்க எண், நெஃப்ட் என்றால் யுடிஆர் எனப்படும் 16 இடக் குறிப்பு எண். நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்து இரவு பகலாக அரை மணிக்கு ஒரு தொகுப்பாக ஓடுவதால், ஞாயிறு, விடுமுறை என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. அந்த எண்ணோடு அம்மா கிளைக்குப் போனால் வந்ததா, திரும்பியதா என்று பார்த்துச் சொல்லிவிடுவார்கள். திரும்பியிருந்தால் காரணத்தையும் எழுதி வாங்குங்கள். கணக்கு செயலற்றதா, கேஒய்சியா, எண் பிழையா என்று தெரியாமல் மறுபடி அனுப்பினால் மறுபடியும் திரும்பும். திரும்பும் பணத்தை எந்த ரேட்டில் வெள்ளியாக்கித் தருவார்கள் என்பதையும் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வையுங்கள்.