ஜேசிபி விட்டு வாரியும் இரண்டே மாதத்தில் பாதிக்குளம் மூடிவிட்டது

கும்பப்பூ: தேரூர் பக்கம் 2 ஏக்கர் குளம். மாசி அறுப்பு முடிந்ததும் ஆகாயத்தாமரையை ஜேசிபியால் வாரிக் கரையில் போட்டோம். சித்திரைக்குள் பாதிக்குளம் மறுபடி பச்சை. ஒரு மூலையில் தாமரை நிற்கிறது, பூ தோவாளைச் சந்தைக்குப் போவது. களைக்கொல்லி அடிக்கலாமா?

மடைவாய்: வேண்டவே வேண்டாம். கிளைபோசேட் அடித்தால் தாமரையும் சேர்ந்து கருகும். செத்த செடி மொத்தமாக அடியில் அழுகும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்து, விடியற்காலையில் மீன் செத்து மிதக்கும்.

திரும்ப வந்ததில் அதிசயம் இல்லை. இரண்டு வாரத்தில் இரட்டிக்கும் செடி. 100 தப்பினால் எட்டு வாரத்தில் 1,600. போதாததற்கு, தண்ணீர் வற்றிச் சேற்றில் வெயில் பட்டதும் பழைய விதை முளைக்கும். சேற்றுக்குள் 15 வருடம்கூட உயிரோடு கிடக்கும் விதை அது.

ஆடிக்காற்றைப் பயன்படுத்துங்கள். மேல்காற்று செடியைக் கீழ்க்கரையில் ஒதுக்கும். காலிக் கேன் கட்டிய கயிற்றைக் குறுக்கே இழுத்து, ஒதுங்கியது திரும்பாமல் மறித்துவிட்டு வாரியெடுங்கள். தாமரையைச் சுற்றிப் 10 அடிக்குக் கைதான், ஜேசிபி வாளி பட்டால் கிழங்கு பெயர்ந்துவிடும். வாரியதைக் கரையின் உள்சரிவில் போடாதீர்கள், ஒரு மழை போதும் திரும்பக் குளத்துக்குள் வர. வாய்க்கால் வாயில் வலை கட்டுங்கள். பிறகு மூன்று மாதம், 10 நாளுக்கொரு முறை குட்டிச்செடி பொறுக்க ஆள் இறங்க வேண்டும். இதை விட்டால் ஜேசிபி வாடகை தண்டம்.

பாசிக்கண்: முதலில் செடி எது? நம்மூரில் மூன்றையும் ஆகாயத்தாமரை என்றே சொல்லிவிடுகிறோம். காம்பு உருண்டு பஞ்சு மாதிரி இருந்து ஊதாப்பூ பூத்தால் வெங்காயத்தாமரை. குட்டி முட்டைக்கோஸ் போல, இலை வெல்வெட்டாக இருந்தால் அசல் ஆகாயத்தாமரை. இலையைத் தண்ணீரில் முக்கி எடுத்தும் நனையாமல் வந்தால் சால்வீனியா. கேரளத்தில் ஆப்பிரிக்கன் பாயல் என்பார்கள், சொந்த ஊர் என்னவோ பிரேசில். அதற்கு விதையே கிடையாது, துண்டு துண்டாகவே பெருகும். 1980-களில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த 2 மில்லிமீட்டர் கறுப்புக் கூன்வண்டு அதைக் கேரளத்தில் நன்றாகவே அடக்கியது. வெங்காயத்தாமரைக்கும் வேறு வண்டு உண்டு, ஆனால் வருடக்கணக்கில் பிடிக்கும்.

கும்பப்பூ: ஊதாப்பூதான். வாரிய குவியலை வயலுக்குப் போடலாமா?

மடைவாய்: பச்சையாகப் போடாதீர்கள். நூற்றில் 95 பங்கு தண்ணீர். 10 டன் காய்ந்தால் அரை டன் தேறும். மூன்று நாள் வாடவிட்டு, நறுக்கி, சாணத்தோடு அடுக்கி 4 அடி உயரக் குவியலாக்கி, வாரம் ஒருமுறை புரட்டுங்கள். உள்ளே கை வைக்க முடியாத சூடு ஏறினால்தான் விதை சாகும். சாக்கடை கலக்கிற குளமென்றால் அந்த எருவைக் கீரைக்கும் காய்கறிக்கும் போடாதீர்கள், செடி கன உலோகத்தை உறிஞ்சி வைத்திருக்கும். தென்னை மூட்டில் மூடாக்காகவும் அதைப் போட வேண்டாம்.