கண்டுபிடித்ததா, கட்டியதா? ஹொப்ஸ்போமின் ஒரு சொல்லுக்குத் தமிழ்

நண்பர்களே,

பிரித்தானிய வரலாற்றாசிரியர் எரிக் ஹொப்ஸ்போமின் 'இன்வென்டட் ட்ரடிஷன்' (invented tradition), அதாவது பழையதுபோலக் காட்டினாலும் அண்மையில் உண்டாக்கப்பட்ட மரபு, அதற்குத் தமிழில் என்ன சொல் போடுவது என்பது நம்மை ஒரு வாரமாக அலைக்கழிக்கிறது. சென்னை நண்பர் 'கண்டுபிடித்த மரபு' என்கிறார். யாழ்ப்பாணத்து ஐயா 'போலி மரபு' என்றே போடச் சொல்கிறார். எனக்கு இரண்டும் ஒட்டவில்லை.

தமிழில் தொலைந்த சாவியையும் கண்டுபிடிக்கிறோம், நீராவி இயந்திரத்தையும் கண்டுபிடிக்கிறோம். 'கண்டுபிடித்த மரபு' என்றால், மண்ணுக்குள் கிடந்த பழையதை யாரோ தோண்டி எடுத்ததாகத்தான் காதில் விழும். தேசியவாதிகள் சொல்வதும் அதுதானே! தேசம் என்றைக்கும் இருந்தது, தூங்கிக் கிடந்தது, நாங்கள் தட்டி எழுப்பினோம் என்று. ஹொப்ஸ்போம் மறுப்பதே அதைத்தான். அரசும் தேசியவாதமும்தான் தேசத்தை உண்டாக்குகின்றன என்பது அவர் கட்சி. பிரான்சில் ஜூலை 14 தேசியத் திருநாளானது 1880இல், பஸ்தீல் சிறை புரட்சியில் விழுந்து 91 வருடம் கழித்து.

ஹொப்ஸ்போமும் டெரன்ஸ் ரேஞ்சரும் இந்தப் பொருளில் 1983இல் பதிப்பித்த கட்டுரைத் தொகுப்பில் வரலாற்றாசிரியர் ட்ரெவர்-ரோப்பர் ஸ்கொட்லாந்தின் கில்ட் பாவாடையை எடுத்துக்கொள்கிறார். இன்றைய கில்ட் 18ஆம் நூற்றாண்டில் ஓர் ஆங்கிலேய இரும்பாலை முதலாளி செய்த ஏற்பாடு என்கிறார். குலத்துக்கொரு கட்டம்போட்ட துணி அதற்கும் பிந்தியது. டன்சினேன், பெல்மோரல் என்று ஸ்கொட்லாந்துப் பெயர் சுமக்கிற இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களின் நடுவே வளர்ந்த எனக்கு அதைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

சரி, 'போலி'க்கு வருவோம். ஹொப்ஸ்போம் நிஜமா பொய்யா என்று கேட்பதோடு நிற்பவர் அல்ல. யார், எப்போது, எதற்காக உண்டாக்கினார்கள் என்பதே அவர் கேள்வி. எங்கள் முன்னோர் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்து இருநூறு வருடம் என்று, 2023இல் 'மலையகம் 200' என ஊரெல்லாம் விழா நடந்தது. எங்கள் பக்கத்து மேடையொன்றில் பிள்ளைகள் பிரம்புக் கூடையின் கயிற்றை நெற்றியில் மாட்டிக்கொண்டு கொழுந்து பறித்து ஆடினார்கள். கூடையில் வார்னிஷ் வாசம் போகவில்லை. பக்கத்தில் இருந்த அக்கா, காலையில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போய், மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்தவர், "நாங்க சாக்கத் தூக்கிக்கிட்டு அலையுறோம், இதுகளுக்கு மட்டும் கூட எங்கருந்து வந்துச்சி?" என்றார். சொல்லிவிட்டு, கைதட்டவும் செய்தார். அந்தக் கைதட்டலைப் 'போலி' என்ற சொல்லால் விளக்க முடியுமா?

'மலையகத் தமிழர்' என்ற பெயரும் அப்படித்தான். 1911 குடிசனமதிப்பில் அரசு எங்களை 'இந்தியத் தமிழர்' என்று தனியாக எண்ணியது. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் எங்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒப்பந்தத்தில் இந்தியாவும் இலங்கையும் 9,75,000 பேரைப் பங்குபோட்டன: 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மீதி 1,50,000 பிறகு பார்க்கலாம். வெவ்வேறு ஊரும் சாதியுமாகக் கங்காணிகளோடு (ஆள் சேர்த்து வேலை வாங்கியவர்களோடு) வந்த சனங்கள் ஒரே மக்களாக நினைக்கத் தொடங்கியதில் இந்தக் கணக்குக்கும் பங்குண்டு. அரசு ஒட்டிய பெயரை உதறி, நாங்களே ஒன்றைச் சூட்டிக்கொண்டோம். பழையதல்ல, ஆனால் பொய்யும் அல்ல.

அதனால் 'கட்டுமரபு' என்று முன்வைக்கிறேன். தமிழில் வீடு கட்டுகிறோம், பாட்டுக் கட்டுகிறோம், கதையும் கட்டுகிறோம். மாசியில் தோட்டத்துக் காமன் கூத்தில் ரதிக்கும் மதனுக்கும் வேஷம் கட்டுகிறார்கள். உழைப்பு, புனைவு, சற்றே ஏமாற்று, எல்லாம் அந்த ஒரு வினையில் கிடக்கின்றன. 'புனைமரபு' அழகுதான், ஆனால் இன்றைய வாசகர் 'புனை' என்றதும் சிறுகதைக்குப் போய்விடுவார்.

ஒரு எச்சரிக்கை. காமன் கூத்தே கட்டுமரபு என்று யாரும் எழுதிவிட வேண்டாம். ஹொப்ஸ்போம் வழக்கத்தையும் மரபையும் பிரிக்கிறார்: நீதிபதி செய்கிற வேலை வழக்கம், அவர் தலையில் வைக்கிற பொய்முடி மரபு. நேர்த்திக்கு வேஷம் கட்டி, வருடத்துக்கு வருடம் கொஞ்சம் மாறி, தப்புப் பறையின் சத்தத்தில் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) முன்னால் நடப்பது வழக்கம். அதையே பதினைந்து நிமிடமாக நறுக்கி 'எமது அடையாளம்' என்று பதாகையின் கீழ் ஆடினால் கட்டுமரபு.

'கட்டிய மரபு' என்று விரித்து எழுதலாமே என்று கேட்பீர்கள். வேண்டாம், வினைத்தொகையாகவே இருக்கட்டும். கட்டிய, கட்டுகிற, கட்டும் மூன்றும் அதற்குள் அடங்கும். கட்டுமரம் என்று பிழை விழாமல் தட்டச்சுக்காரர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.