சூச்சோவில் எனக்குப் பிடித்தது சின்னத் தோட்டம்தான்

சீனாவில், ஷாங்காயிலிருந்து ரயிலில் அரை மணி நேரத்தில் சூச்சோ நகரம். போகிற எல்லோரும் முதலில் ஓடுவது சுவோசெங் யுவான் என்ற பெரிய தோட்டத்துக்கு ('யுவான்' என்றால் தோட்டம்). 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அரசுப் பதவியை விட்டு வந்த வாங் சியான்சென் அமைத்தது. ஐந்து ஹெக்டேருக்கும் மேல். எனக்கு அங்கே காதில் நின்றது வழிகாட்டிகளின் மைக் சத்தம்தான். ஆனால் குளத்தின் கிழக்குப் பக்கம் நின்று மேற்கே பார்த்தால், மரங்களுக்கு நடுவே பெய்சி பௌத்த கோபுரம் தெரியும். அது தோட்டத்திலேயே இல்லை, வெளியே ஊருக்குள் இருக்கிறது. வெளியே உள்ளதை இப்படி இரவல் வாங்குவதுதான் தோட்டக்கலையிலேயே முக்கியம் என்று 1630களில் தோட்டக் கலைஞர் ஜி செங் தன் 'யுவான்யே' என்ற தோட்டக்கலை நூலில் எழுதியிருக்கிறார்.

மனதைப் பிடித்தது வாங்ஷி யுவான். மொத்தமே அரை ஹெக்டேர் சொச்சம். உள்ளே நடக்கும்போது அப்படித் தோன்றவே இல்லை. ஏன் என்று பார்த்தேன். குளத்தின் தென்கிழக்கு மூலையில் நீர் ஓர் ஓடைபோல ஒதுங்கி, பாறைகளுக்குள் போய் மறைகிறது. முடிவு கண்ணில் படாததால், எங்கிருந்தோ வருகிற ஆறு என்றே மனம் எடுத்துக்கொள்கிறது. அந்த ஓடைமேல் ஒரு வளைந்த கல்பாலம். மூன்று எட்டு வைத்தால் தாண்டிவிடலாம்! பாலம் அவ்வளவு குட்டியாக இருப்பதால் பக்கத்திலுள்ள குளம் பெரிதாகிவிடுகிறது. பெரிய கூடங்களைக் கரைக்கு வரவிடாமல் செயற்கைப் பாறைக் குன்றுக்குப் பின்னால் தள்ளியிருக்கிறார்கள்.

பெயருக்கு 'வலை வீசுபவரின் தோட்டம்' என்று பொருள். பதவியை உதறிவிட்டு மீனவனாக எளிமையாக வாழப்போகிறேன் என்பது சீன அதிகாரிகளின் பழைய கனவு. சரி, ஆனால் தோட்டத்தை ஒட்டியே பல கட்டு வீடு, அதில் பல்லக்கு இறக்கத் தனிக் கூடம்! எந்த மீனவனுக்குப் பல்லக்கு?

அப்புறம் கற்கள். தாய்ஹு ஏரியிலிருந்து வந்த, நீர் அரித்து ஓட்டை ஓட்டையான சுண்ணாம்புக் கற்கள். மெலிவு, சுருக்கம், துளைகள் எல்லாம் இருந்தால்தான் மதிப்பு. தோட்டத்தில் ஒவ்வொன்றும் ஒரு மலையைக் குறிக்கும். லியு யுவான் என்ற இன்னொரு தோட்டத்தில் உள்ள 'குவான்யுன் சிகரம்' என்ற பாறை ஒற்றைக்கல், ஆறரை மீட்டர். அண்ணாந்துதான் பார்க்க வேண்டும்.

பாறைகளை வாரி இறைத்த ஷிசி லின் தோட்டத்தைத் தவறவிட்டாலும் நஷ்டமில்லை என்பேன். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு மட்டும் அதுதான் முதலில்: குகைகளுக்குள் ஏறி இறங்கி ஓடலாம், வெளியே கூட்டி வருவதுதான் கஷ்டம்.