காருக்குள் சிகரெட்: உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

பாலக்கோட்டுப் பெண்:
போன மாதம் சேலத்தில் ஒரு கல்யாணம். தொப்பூர் கணவாய் எப்படி என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டாம், கீழே லாரி கவிழ்ந்து வண்டியெல்லாம் அப்படியே நின்றுவிட்டது. நல்ல வெயில், கண்ணாடி ஏற்றி ஏசி ஓடுகிறது. முன் சீட்டில் இருந்த மாமனார் சிகரெட் பற்றவைத்து, தன் பக்கத்துக் கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கினார். புகை பின்னால்தான் வந்தது. மகளுக்கு நாலு வயது, வீசிங் உண்டு. அவள் அழவில்லை. முன் சீட்டுகளுக்கு நடுவே காற்று வருகிற ஏசி துளையில் மூக்கை ஒட்டிவைத்துக்கொண்டு நின்றாள். சின்ன முதுகு ஏறி ஏறி இறங்கியது, அது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. "மாமா, பாப்பாவுக்கு மூச்சு..." என்று ஆரம்பித்தேன். "ரெண்டு இழுப்புதாம்மா" என்றார். என் கணவர் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று ராத்திரி நெபுலைசர் வைக்க வேண்டியதாயிற்று. மாமனார்மேல் உள்ள கோபத்தைவிட, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நான் ஏன் இறங்கவில்லை என்பதுதான் தூங்கவிடவில்லை.

ஓசூர் வாடகை வண்டி:
சகோதரி, பெரியவர் பக்கமும் கொஞ்சம் பாருங்கள், எத்தனை வருஷப் பழக்கமோ. ஏசியை நிறுத்திக் கண்ணாடியை முழுசாக இறக்கியிருந்தால் இவ்வளவு வந்திருக்காது. நானும் ராத்திரி ஓட்டத்தில் தூக்கம் வராமல் இருக்கப் பிடிக்கிறவன்தான், வண்டியில் ஆள் இல்லாதபோது மட்டும். ஆனால் ஒன்று மனசில் கிடக்கிறது. காவேரிப்பட்டணத்தில் மாசமாக இருந்த ஒரு பெண் ஏறினார். நான் பிடித்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும், ஸ்ப்ரேகூட அடித்திருந்தேன். கதவைச் சாத்தியதும் முந்தானையால் மூக்கைப் பொத்தியவர் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரி வரை கையை எடுக்கவே இல்லை. ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. இறங்கும்போது காசைக்கூட இடது கையால்தான் நீட்டினார்.

அரூர் வாத்தியார்:
ஓசூர் நண்பரே, கண்ணாடியை இறக்கினால் போதும் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஓடுகிற வண்டியில் வெளிக்காற்று புகையைப் பின் சீட்டுக்குத்தான் தள்ளும், நிற்கிற வண்டியில் தள்ளக் காற்றே இல்லை. உங்கள் கதையே சாட்சி: ஒரு மணி நேரம் கழித்தும் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்ததே! சீட் துணியில் படிந்த நிக்கோடின் ஸ்ப்ரேக்குப் போகாது, குழந்தைகள் அதைத் தொட்ட கையைத்தான் வாயில் வைக்கிறார்கள். புகையிலைப் புகையில் 7,000க்கும் மேல் ரசாயனங்கள், அதில் 70 அளவுக்குப் புற்றுநோய் வரவழைப்பவை. குழந்தைகள் நம்மைவிட வேகமாக மூச்சு விடுவதால் அதே புகையில் அவர்களுக்குப் பங்கு அதிகம். வீசிங், நெஞ்சுச் சளி, காதில் சீழ் எல்லாம் இதனால் கூடும். நம் நாட்டில் 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் பிடித்தால் மத்தியச் சட்டப்படி 200 ரூபாய் வரை அபராதம், பஸ்ஸும் அதில் சேர்த்தி, சொந்தக் கார் சேர்த்தி இல்லை. இங்கிலாந்தில் 2015 அக்டோபர் 1 முதல், 18 வயதுக்குக் கீழே ஒருவர் காரில் இருந்தாலே பிடித்தவருக்கும் ஓட்டியவருக்கும் ஆளுக்கு 50 பவுண்டு. இங்கே நாமேதான் சொல்லியாக வேண்டும். சகோதரி, நீங்கள் சொல்ல வேண்டாம், உங்கள் கணவர் சொல்லட்டும், வண்டி கிளம்புவதற்கு முன்பே சொல்லட்டும். விட நினைக்கிறவர்களுக்கு 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கிறது, கூப்பிட்டால் பேசுவார்கள், பெரியவரிடம் கொடுங்கள்.

என் கதை சின்னது. அப்பா போனபிறகு அவருடைய பழைய அம்பாசிடரை வாங்க வந்தவர் மேல்கூரைத் துணியை ஈரக் கர்சீப்பால் ஒரு தேய் தேய்த்துக் காட்டினார். மஞ்சள், நல்ல மஞ்சள். அந்தக் கூரைக்குக் கீழே உட்கார்ந்துதான் நாங்கள் மூன்று பிள்ளைகளும் வருஷா வருஷம் தீர்த்தமலை போய்வந்தோம்.

பாலக்கோட்டுப் பெண்:
சட்டமெல்லாம் சரிங்க சார், எண்ணைக் குறித்துக்கொண்டேன். வருகிற ஞாயிறு ஒகேனக்கல் போகிறோம், அதே கார். "தாத்தா முன்னாடி உட்காருவாரா?" என்று நேற்றிலிருந்து கேட்கிறாள்.