மானியம் குறைந்த பிறகு இலவசத் தெருவிழா: செலவு எங்கே குறைகிறது, எங்கே குறைவதில்லை (நால்வர் கருத்து)

கணக்குப்பிள்ளை:
மாநகராட்சி மானியத்தைப் பாதியாக்கினால் இரண்டு நாள் விழாவை ஒரு நாளாக்கிச் சமாளித்துவிடலாம் என்றுதான் எல்லாக் குழுக்களும் முதலில் நினைக்கின்றன. கணக்கு அப்படி வராது. மேடை கட்டுகூலி, லாரி வாடகை, தெரு அடைப்பு அனுமதி, காப்பீடு எல்லாம் ஒரு நாளுக்கும் ஏறக்குறைய அதே தொகைதான். மிச்சமாவது இரண்டாம் நாள் கலைஞர் சம்பளம், ஆள்கூலி, டீசல், அவ்வளவே. பட்டியலை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்: விழா என்று ஒன்று நடந்தாலே வரும் செலவு, நாள்கணக்கில் வருவது, தலைக்கணக்கில் வருவது. முதல் வகையில் கைவைக்க வேண்டுமானால் விழாவின் வடிவத்தையே மாற்றவேண்டும். சாலையை விட்டுப் பூங்காவுக்குப் போனால் போக்குவரத்துத் தடுப்புச் செலவு மொத்தமாகப் போய்விடும்.

இன்னொன்று, மானிய ஆணையில் கண்ணுக்குத் தெரியாத வெட்டு. தொகை அப்படியே இருக்கும். ஆனால் இதுவரை சும்மா கிடைத்த தடுப்புக் கம்பி, குப்பை வண்டி, காவலர் கூடுதல் பணிநேரம் ஆகியவற்றுக்கு பில் வரும். 'கட்டண விலக்கு' பத்தி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு துறையிடமும் எழுத்தில் மதிப்பீடு கேளுங்கள். வாய்வார்த்தை விழாவுக்குப் பிறகு செல்லாது.

ரசீது:
மேலே உள்ளதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் மானியம் விழா முடிந்து ரசீது கொடுத்த பின்தான் கைக்கு வரும். ஒலி அமைப்பாளரோ பாதி முன்பணம் கேட்பார். இடையில் கையிருப்பு இல்லாத சின்னக் குழு இங்கேதான் விழுகிறது. பில் குழுவின் பெயரில் இருக்கவேண்டும், தனிநபர் பெயரில் கூடாது. தேதி மானியக் காலத்துக்குள் இருக்கவேண்டும். ஒப்புதலுக்கு முன் கொடுத்த முன்பணத்தைத் தணிக்கையில் பெரும்பாலும் தள்ளிவிடுவார்கள்.

மேடைப்பக்கம்:
மின்சாரத்தில் நிறைய மிச்சம் பிடிக்கலாம், ஆனால் கணக்குப் போட்டுத்தான். 62.5 கேவிஏ (ஜெனரேட்டரில் எழுதியிருக்கும் திறன் அளவு) ஜெனரேட்டர் என்றால் 0.8 பவர் ஃபேக்டரில் (அந்த அளவில் உண்மையில் வேலைக்கு வரும் பங்கு) 50 கிலோவாட். அதை 70 முதல் 80 சதவீத லோடில் ஓட்டுவது நல்லது; அதாவது கையில் இருப்பது 35 முதல் 40 கிலோவாட். 'எதற்கும் இருக்கட்டும்' என்று பெரியதாக எடுத்து 30 சதவீதத்துக்குக் கீழே ஓட்டினால் டீசல் முழுதாக எரியாமல் புகைபோக்கியில் கறுப்புப் பிசின் கட்டும். வாடகையும் தண்டம். முதலில் எல்இடி திரையை வெட்டுங்கள். சின்ன மேடைக்கு அது வெறும் பகட்டு.

உணவுக் கடைகளை மேடை லைனில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். மின்சாரக் கெட்டில் ஒன்றே 2 கிலோவாட் வரை இழுக்கும். நான்கு கடைக்காரர்கள் ஒரே நேரத்தில் போட்டால் பிரேக்கர் விழும், பாட்டு நடுவில் நிற்கும். கடைகளுக்குத் தனி விநியோகப் பெட்டி வையுங்கள். ஒலிக்கும் ஒளிக்கும் தனித்தனி ஃபேஸ் (மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை) கொடுங்கள். இல்லையென்றால் விளக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரின் இரைச்சல் ஸ்பீக்கரில் கேட்கும்.

கூட்டம் பார்ப்பவர்:
இரண்டு மேடையை ஒன்றாக்கச் சொல்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். மேடை குறைந்ததற்காகக் கூட்டம் குறையாது. இரண்டு இடமாகப் பிரிந்து நின்றவர்கள் ஒரே இடத்தில் வந்து நிற்பார்கள். ஒரு சதுர மீட்டருக்கு 2 பேர் என்றால் நெருக்கடி இல்லாமல் நிற்கலாம், ஓரளவு நடக்கவும் முடியும். 4 பேர் என்றால் நகர்வது கடினம். 5 பேரைத் தாண்டினால் ஆள் தன் விருப்பப்படி நகரமுடியாது, கூட்டம்தான் அவரைத் தள்ளும். மேடைக்கு முன்னால் எவ்வளவு இடம் என்று டேப் வைத்து அளந்து, மரம், கம்பம், ஒலிக்கட்டுப்பாட்டுக் கூடாரம் பிடிக்கும் இடத்தைக் கழித்த பிறகு மேடையைக் குறையுங்கள்.

கழிப்பறை, குடிநீர், முதலுதவி, அவசர ஊர்திப் பாதை: இந்த நான்கிலும் வெட்டு கூடாது. பாதை வரைபடத்தில் அகலமாகத்தான் இருக்கும். கடைகளின் வெயில் துணியும் நாற்காலியும்தான் அதைத் தின்னும். திறப்பதற்கு முன் ஒரு வண்டியை உண்மையிலேயே ஓட்டிப் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை:
'சின்ன நுழைவுக் கட்டணம் வைத்தால் என்ன' என்ற கேள்வி கட்டாயம் வரும். வேலி, டிக்கெட் கவுன்டர், காசு எண்ண ஆள் என்று புதுச் செலவு முளைக்கும். காப்பீடும் இசை உரிமக் கட்டணமும் வேறு வகைக்கு மாறலாம். 'அனுமதி இலவசம்' என்ற நிபந்தனையோடு வந்த மானியமாக இருந்தால் மிச்சமிருப்பதையும் திருப்பித் தரவேண்டி வரும். என் கருத்து: வேண்டாம்.

நன்கொடைதான் வழி. வாசலில் கேட்டால் கட்டணம் என்று நினைத்துத் திரும்பிவிடுவார்கள். முக்கிய நிகழ்ச்சி தொடங்குவதற்குச் சற்றுமுன் மேடையிலிருந்து, எதற்குப் பணம் என்று சொல்லிக் கேளுங்கள். கியூஆர் அட்டையை மட்டும் நம்பாதீர்கள். கூட்டம் நிறைந்ததும் செல்போன் சிக்னல் திணறும், பணம் போகாது. மூடி போட்ட உண்டியலைத் தூக்கிக்கொண்டு இருவர் இருவராகப் போகட்டும். எண்ணும்போதும் இருவர் கையெழுத்து வேண்டும்.