மறு: "அமெரிக்கக் கனவு" – கலைச்சொல் வேண்டும்

> நாளிதழ்கள் "அமெரிக்கக் கனவு" என்றே எழுதுகின்றன. அதையே ஏற்றால் என்ன?

வணக்கம் ஐயா,

"American Dream" என்பதற்குத் தமிழ்க் கலைச்சொல்லாக நாளிதழுக்கு அது போதும், சமூகவியல் பாடநூலுக்குப் போதாது. விசா கிடைக்காத செய்திக்கும் "அமெரிக்கக் கனவு கலைந்தது" என்றுதான் தலைப்பிடுகிறோம். அங்கே அது அமெரிக்கா போகும் ஆசை. பாடத்தில் வருவதோ, எந்த வீட்டில் பிறந்தவரும் உழைத்தால் உயரலாம் என்று அமெரிக்கர்கள் தம் நாட்டைப் பற்றிக் கொண்ட நம்பிக்கை.

மாற்றாகச் சொல்லப்படும் சொற்களில் "செல்வக் கனவு" பொருந்தவே பொருந்தாது. "American Dream" என்ற தொடரைப் பரப்பியவர் அமெரிக்க வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் டிரஸ்லோ ஆடம்ஸ். 1931இல், பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே வந்த தம் நூலில், இது மோட்டார் வண்டியும் அதிகச் சம்பளமும் பற்றிய கனவு மட்டுமன்று என்று அவரே மறுத்திருக்கிறார். பிறப்பு எதுவானாலும் தம் திறன் எட்டும் உயரம்வரை எவரும் போகக்கூடிய சமூக ஒழுங்கையே அவர் சொன்னார். இன்னொரு சொல்லான "தாளாண்மை வேட்கை" குறள் மணம் வீசுகிறது; ஆனால் தாளாண்மைக்கே (விடாமுயற்சி) தனி விளக்கம் தர வேண்டியிருக்கும்.

என் முன்மொழிவு: உழைப்புயர்வுக் கனவு. உழைப்பால் வரும் உயர்வு என்று விரியும். தேவைப்படும் இடத்தில் "அமெரிக்க" என்ற அடையை முன்னால் சேர்க்கலாம்.

"கனவு" வேண்டாம், "நெறி" என்போம் என்றார் நண்பர் ஒருவர். "கனவு" என்ற சொல்லை மட்டும் விட்டுக்கொடுக்க மனமில்லை. 1947 முதல் நியூயார்க் அருகே லெவிட்டவுன் என்ற புறநகரில் உழைக்கும் குடும்பங்களுக்கு மலிவு வீடுகள் எழுந்தன. கறுப்பினத்தவர் எவ்வளவு உழைத்திருந்தாலும் அங்கே இடமில்லை. 1963இல் மார்ட்டின் லூதர் கிங் தம் கனவு அமெரிக்கக் கனவில் வேரூன்றியது என்று பேசியது, அந்த வாக்குறுதி தம் மக்களுக்கு நிறைவேறாததால்தான். நெறி என்றால் நடைமுறையில் இருப்பதாகத் தொனிக்கும். கனவு என்ற சொல்லில்தான் நம்பிக்கையும் நிறைவேறாமையும் சேர்ந்து நிற்கின்றன.

"உயர்வு" பொருளியலுக்கும் உதவும். பொருளியலாளர் ராஜ் செட்டி குழுவின் ஆய்வு அளந்தது இதைத்தான்: 1940இல் பிறந்த அமெரிக்கர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் பெற்றோரைவிட அதிகம் ஈட்டினர், 1980களில் பிறந்தோரில் ஏறத்தாழப் பாதிப் பேர்தான். "உழைப்புயர்வுக் கனவு மங்குகிறது" என்று எழுதிப் பார்த்தேன், தடையின்றி வருகிறது.

வரலாற்றுப் பாட வாக்கியங்களிலும் வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள் ஐயா. குடியேறி உழுவோருக்கு 160 ஏக்கர் அரசு நிலம் தந்த 1862இன் குடியிருப்பு நிலச் சட்டம் (Homestead Act) வரும் பகுதியில் இது எப்படி ஒலிக்கிறது என்று அறிய விரும்புகிறேன்.