அட்ரிபியூஷனுக்குத் தமிழில் என்ன சொல்வது?

ச. எழுதியது:
குழுவினருக்கு வணக்கம். சமூக ஊடக விளம்பரத்தால் வியாபாரத்துக்கு என்ன பலன் என்று அளப்பது பற்றி பி.காம். மாணவர்களுக்குப் பாடக்குறிப்பு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். அட்ரிபியூஷனில் வந்து நிற்கிறது. ஒரு பெண் இன்ஸ்டாகிராம் ரீலில் ஒரு சேலையைப் பார்க்கிறார். நாலு நாள் கழித்து அவர் அக்கா அதே கடையின் இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். கடைசியில் கூகுளில் கடைப்பெயரைத் தேடி, மேலே வரும் விளம்பரத்தைத் தட்டி வாங்குகிறார். இந்த விற்பனையை எதன் கணக்கில் எழுதுவது? அந்த முறைக்குத்தான் பெயர் வேண்டும். 'காரணம் சாட்டல்' சரிவருமா?

த. (யாழ்ப்பாணம்):
'சாட்டு' வேண்டாம் அம்மா. எங்கள் பக்கம் சாட்டு என்றால் பொய்க்காரணம். 'சாட்டுச் சொல்லாதே' என்றுதான் பிள்ளைகளை ஏசுவோம்.

இ.:
கொங்கு நாட்டு மாரியம்மன் கோயில்களில் பூச்சாட்டுகிறார்கள். அங்கே அது திருவிழா அறிவிப்பு, பழி ஏதும் இல்லை. இருந்தாலும் நம் இலக்கணத்திலேயே வழி இருக்கிறது. மூன்றாம் வேற்றுமையை நினைத்துப் பாருங்கள். 'கரிகாலனால் கல்லணை கட்டப்பட்டது' என்பதில் ஏவுதற்கருத்தா, அதாவது பிறரைச் செய்யவைத்தவர். 'சேக்கிழாரால் பெரியபுராணம் இயற்றப்பட்டது' என்பதில் இயற்றுதற்கருத்தா, தானே செய்தவர். ரீல் ஏவியது, கூகுள் விளம்பரம் இயற்றியது. கருத்தாவுக்குத் தமிழ் வினைமுதல். வள்ளுவரும் 'நோய்முதல் நாடி' என்கிறார். ஆகவே 'விற்பனைமுதல் நாடல்'.

ம. (கோவை):
ஐயா, கல்லணையைப் பாடத்திலேயே சேர்க்கலாம், அவ்வளவு பொருத்தம். சொல்தான் இடிக்கிறது. வணிகவியல் மாணவருக்கு முதல் என்றால் போட்ட பணம். 'முதலிலார்க்கு ஊதியம் இல்லை' என்று அதே வள்ளுவர்தான் சொல்கிறார்.

அப்புறம், கடைக்காரர்களுக்கு இந்த அறிக்கைகளைத் தருவதே என் வேலை. விளம்பரத்தைத் தட்டி 7 நாளுக்குள், அல்லது வெறுமனே பார்த்து 1 நாளுக்குள் வாங்கினால், ஃபேஸ்புக் அதைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும். நாமாக மாற்றாதவரை இதுதான் அமைப்பு. அதே விற்பனையைக் கூகுளும் தன்னுடையது என்று காட்டும். இரண்டையும் கூட்டினால் கல்லாவில் விழுந்ததைவிட அதிகம் வரும்! 2021இல் ஐபோன், செயலிகள் பின்தொடரலாமா என்று பயனரிடம் கேட்கத் தொடங்கியபின் பல தடங்கள் கண்ணுக்கே படுவதில்லை. அக்கா அனுப்பிய வாட்ஸ்அப் பெரும்பாலும் எந்த அறிக்கையிலும் வராது. ஆக, யாரும் முதலை நாடிக் காண்பதில்லை. ஒரு விதியை வைத்துப் பிரிக்கிறோம். 'பங்கு பிரிப்பு' போதும்.

இ.:
அது பாகப்பிரிவினை போலல்லவா இருக்கிறது? லாபத்தைப் பங்காளிகள் பிரிப்பதாகத்தான் மாணவன் நினைப்பான். எதனால் விற்றது என்ற கேள்வி சொல்லிலேயே இருக்க வேண்டும்.

த.:
அப்படியென்றால் 'காரணப் பங்கீடு'. இருவர் கேட்டதும் அதில் இருக்கிறது.

ம.:
சரி, எனக்குச் சம்மதம்.

ச.:
நன்றி. 'காரணப் பங்கீடு' என்றே அச்சுக்கு அனுப்புகிறேன். முதல் தடவை வரும் இடத்தில் மட்டும் பக்கத்தில் அட்ரிபியூஷன் என்றும் போட்டிருக்கிறேன். கல்லணையும் சேர்ந்துவிட்டது.

இ.:
அனுப்புங்கள், தடுக்கவில்லை. ஆனால் இதை எப்படி விரிப்பது? காரணத்தைப் பங்கிடுதலா, காரணத்தின்படி பங்கிடுதலா? பங்கிடுவது பலனை அல்லவா? பலன் சொல்லில் இல்லவே இல்லை. அடுத்த பதிப்புக்கு முன் இதை மறுபடி எடுப்பேன்.